கிளினிக் நாள் மாறினால் எமக்கு யார் சொல்வது?

மாதம் ஒரு தடவையாவது வைத்தியசாலைக்குப் போய் மருந்து எடுக்க வேண்டிய ஒருவர் இல்லாத வீடு இன்று எமது கரையோரத்தில் அரிதாகிவிட்டது. சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தம், ஆஸ்துமா என்று ஏதோ ஒன்றுக்காகக் கிளினிக் கொப்பியைக் கையில் வைத்திருப்போர் எமது குடும்பங்களில் உள்ளனர். எமது நாட்டில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். அது பெரியதொரு பேறு. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த இலவசச் சிகிச்சையைப் பெறுவதற்காக நாம் செலவிடும் நாள் இலவசமானதல்ல.

கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. பஸ்ஸுக்கோ ஓட்டோவுக்கோ காசு வேண்டும். வயதானவர் என்றால் துணைக்கு இன்னொருவர் போக வேண்டும். அவருடைய வேலையும் கெடும். நம்பர் எடுப்பதற்காக விடியுமுன் புறப்பட வேண்டும். இத்தனையும் செய்து போய்ச் சேர்ந்த பின், "இன்றைக்கு கிளினிக் இல்லை, அடுத்த கிழமை வாருங்கள்" என்று சொல்லப்பட்டால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன? சொந்த வயலையும் வளவையும் இழந்து, பிறர் நிலத்தில் கூலிக்கு நிற்கும் எமது குடும்பங்களுக்கு ஒரு நாள் என்பது சிறிய விடயமல்ல. இரண்டு முறை இப்படித் திரும்பி வந்தவர் மூன்றாம் முறை போகத் தயங்குகிறார். மருந்து நின்றுவிடுகிறது. அதன் விளைவு வாரிசமாகவோ ஆறாத கால் புண்ணாகவோ வந்து நிற்கிறது.

எனவே இந்த இதழில் ஒரு சிறிய விடயத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். வைத்தியசாலை நோயாளிக்கு எவ்வாறு செய்தி சொல்ல வேண்டும்? எமது நிலைப்பாடு இதுதான்: எந்த வழியில் செய்தி வந்தால் தனக்குக் கிடைக்கும் என்பதை நோயாளியே சொல்ல வேண்டும், வைத்தியசாலை அதைக் கேட்டு எழுதி, அந்த வழியிலேயே சொல்ல வேண்டும்.

கொப்பியில் எழுதிய திகதி

இப்போதுள்ள முறை எமக்குத் தெரிந்ததே. வைத்தியரைக் கண்டு மருந்து எடுத்ததும் அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதித் தருவார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர் பிள்ளைகளிடம் காட்டிக் கேட்டுக்கொள்வார். இந்த முறையில் ஒரு நன்மை உண்டு. எழுதியது எமது கையிலேயே இருக்கிறது.

ஆனால் இடையில் ஏதாவது மாறினால் அந்தக் கொப்பி பேசாது. வைத்தியர் இடமாற்றம் பெற்றுப் போகலாம். விசேட விடுமுறை அறிவிக்கப்படலாம். 2024 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் சுகாதார ஊழியர்கள் கொடுப்பனவு கோரி நாடு முழுவதும் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தார்கள். ஊழியரின் கோரிக்கை நியாயமா இல்லையா என்பது வேறு விடயம். வழமை போல் கொப்பியுடன் புறப்பட்டு வந்த நோயாளிக்கு அதை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு இருந்ததா என்பதே இங்கு எமது கேள்வி.

அதே ஆண்டு நவம்பர் மாத வெள்ளத்தை நாம் மறக்க முடியாது. நவம்பர் 26 ஆம் திகதி, நிந்தவூரிலுள்ள மத்ரசாவிலிருந்து சம்மாந்துறைக்குத் திரும்பிய மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தனர். சம்மாந்துறைப் பக்கத்தவர் கல்முனைக்கு வரும் வீதி அது. அப்படிப்பட்ட ஒரு நாளில், "திகதி தவறினால் மருந்து கிடைக்காது" என்ற பயத்தில் ஒரு நோயாளி தண்ணீருக்குள் இறங்கக்கூடும். "இன்று வர வேண்டாம், வெள்ளம் வடிந்ததும் வாருங்கள், உங்கள் மருந்து உங்களுக்குத் தரப்படும்" என்ற ஒரு வார்த்தை நேரத்துக்குக் கிடைத்தால் அது ஓர் உயிரையும் காக்கலாம்.

தண்ணீருக்கு இருக்கும் முறை

விவசாயிகளாகிய எமக்கு இவ்வகையான அறிவித்தல் புதியதல்ல. ஒவ்வொரு போகத்துக்கும் முன் கூட்டம் கூடுகிறது. எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பை முடிப்பது, எப்போது தண்ணீரை நிறுத்துவது என்பதெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படுகிறது. பிறகு திகதி மாறினால் வட்டை விதானை செய்தியைக் கொண்டுவருவார். வயலில் நிற்பவருக்கு வயலிலும், வாடியில் படுப்பவருக்கு வாடியிலும் சொல்லுவார். யார் எங்கே இருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

வாய்க்கால் தண்ணீருக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்கும்போது நோயாளியின் மருந்துக்கு ஏன் இருக்கக் கூடாது? வைத்தியசாலை ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. செய்தி போய்ச் சேர வேண்டிய ஆள் எங்கே இருப்பார், எப்படிக் கிடைப்பார் என்பதை முன்பே அறிந்து வைத்திருக்கும் அந்த முறையைத்தான் கேட்கிறோம்.

விலாசம் மாறிய குடும்பங்கள்

மற்றவர்களைவிட எமக்கு இது ஏன் முக்கியம்? எமது விலாசம் எத்தனை தடவை மாறியது என்று நினைத்துப் பாருங்கள். 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது உள்ளூர்க் கிராமங்களையும் வயற்காணிகளையும் விட்டுக் கரைக்கு வந்தவர்கள் எம்மில் உள்ளனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதையும் அழித்தபோது, வீட்டோடு கிளினிக் கொப்பிகளும் அடையாள அட்டைகளும் போயின. அடுத்த ஆண்டு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று விதிக்கப்பட்டபோது பழைய வளவுக்குத் திரும்பவும் முடியவில்லை. முகாம், உறவினர் வீடு, தற்காலிகக் கொட்டில், வீட்டுத் திட்டம் என்று குடும்பங்கள் நகர்ந்தன. ஒரே குடும்பத்தின் விலாசம் அடையாள அட்டையில் ஒன்றும், கிராம உத்தியோகத்தரின் பதிவில் வேறொன்றும், வைத்தியசாலைப் பதிவில் மூன்றாவது ஒன்றுமாக இருக்கலாம்.

அந்தப் பழைய விலாசத்துக்குக் கடிதம் போட்டால் அது யாரிடம் போகும்? வீட்டு இலக்கம் இல்லாத ஒழுங்கைகளும், ஒரே பெயரில் பலரும் உள்ள எமது ஊர்களில் தபாற்காரர் என்ன செய்வார்? ஊரையும் ஆட்களையும் நன்கு தெரிந்த தபாற்காரர் எப்படியாவது தேடிக் கொடுப்பார். புதிதாக வந்தவர் திருப்பி அனுப்புவார். பதிவேட்டில் "அறிவிக்கப்பட்டது" என்று இருக்கும். நோயாளிக்கோ ஒன்றும் தெரியாது.

தொலைபேசி யாருடைய கையில்?

"இப்போது எல்லோரிடமும் போன் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் போன் இருப்பது உண்மைதான். ஆனால் அது நோயாளியின் கையில் இருக்கிறதா? தாயின் கிளினிக் பதிவில் மகனின் நம்பர் இருக்கும். மகன் கட்டாரில் இருப்பார். மனைவியின் பதிவில் கணவனின் நம்பர் இருக்கும். கணவன் அறுவடைக் காலத்தில் பகலெல்லாம் வட்டையில் நிற்பார், இரவில் யானைக் காவலுக்குப் படுப்பார். ரீலோட் போடாமல் விட்ட சிம் செயலிழந்துபோகும். புதிய சிம்முக்குப் புதிய நம்பர். தெரியாத நம்பரிலிருந்து கோல் வந்தால், பரிசு விழுந்ததாகச் சொல்லி ஏமாற்றுவோருக்குப் பயந்து பலர் எடுப்பதே இல்லை.

குறுஞ்செய்தியிலும் சிக்கல்கள் உண்டு. முதலாவது மொழி. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாகும். வேறு மொழியில் வரும் செய்தியைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் நிலை எமக்கு வரக்கூடாது. இரண்டாவது எழுத்து. சில பழைய கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவே தெரியும். மூன்றாவது அளவு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தில் 160 எழுத்துகள் வரை எழுதலாம். தமிழில் 70 மட்டுமே. புள்ளி, கொம்பு, விசிறி என்பனவும் தனித்தனியே எண்ணப்படும். நீட்டி எழுதினால் ஒரு செய்திக்கு இரண்டு, மூன்று செய்திகளின் செலவு வரும். ஆனால் இதற்கு வழி உண்டு. "கிளினிக் 12ஆம் திகதி செவ்வாய் காலை 7.30. கொப்பியுடன் வரவும்." என்று எழுதினால் ஒரே செய்திக்குள் அடங்கிவிடும். தேவையானது அனைத்தும் அதில் இருக்கிறது.

எழுத்தா, குரலா, கடிதமா?

எமது குடும்பங்களுக்குள் இதுபற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில் வராது. இளையவர்கள் குறுஞ்செய்தியே போதும் என்பார்கள். நினைத்த நேரம் திரும்பவும் பார்க்கலாம். முதியவர்கள் குரலைக் கேட்க விரும்புவார்கள். விளங்காததைத் திருப்பிக் கேட்கலாம், "வர முடியாது, வேறு நாள் தாருங்கள்" என்று சொல்லலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ அனுப்பப்பட்டவர்கள் கடிதம் வேண்டும் என்பார்கள். ஏனெனில் தூரப் பயணத்தில் வாயிலில் காட்டவும், வேலை செய்யும் இடத்தில் லீவு கேட்கவும் தாள் தேவை. கண் தெரியாதவருக்கு எழுத்து உதவாது. காது கேளாதவருக்குக் கோல் உதவாது. கர்ப்பிணித் தாய்மார் பலர், வீட்டுக்கு வரும் குடும்பநல மாது நேரில் சொல்வதையே நம்புவார்கள்.

காலமும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும். அறுவடையிலும் சூடடிப்பிலும் நிற்பவருக்கு இரவு ஏழு மணிக்குப் பின் கோல் எடுத்தால் கிடைப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கிடைக்க மாட்டார். நோன்பு காலத்தில் சீனி வருத்தக்காரர் மருந்து நேரத்தையும் அளவையும் வைத்தியரிடம் கேட்டே மாற்ற வேண்டும். எனவே அவரை நோன்புக்கு முந்திய வாரங்களில் அழைப்பதே பயன்தரும்.

இவற்றில் எது சரி, எது பிழை என்று ஒருவர் மேசையிலிருந்து தீர்மானிக்க முடியாது. எனவேதான் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள் என்கிறோம்.

மறைவாகச் சொல்ல வேண்டியவை

எமது ஊர்களில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும், கோவில், தேவாலய அறிவித்தல்களும் செய்தியை விரைவாகக் கொண்டு செல்லும். "நாளை கண் பரிசோதனை முகாம்" என்றோ "வெள்ளத்தால் நாளைய கிளினிக் நடைபெறாது" என்றோ அவற்றில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் ஒரு தனி மனிதருக்கான செய்தி அப்படிப் போகக்கூடாது.

மனநலக் கிளினிக்குக்குப் போகும் இளம் பெண், காசநோய்க்கு மருந்து எடுக்கும் தகப்பன், மார்பில் கட்டிக்காகப் பரிசோதனைக்குப் போன தாய், குடும்பத் திட்டம் பற்றி ஆலோசனை கேட்டவர் ஆகியோரின் செய்தி அயலவரின் போனுக்கோ மச்சானின் போனுக்கோ போய்விட்டால் என்னவாகும்? கலியாணப் பேச்சு குழம்பலாம், வேலை போகலாம். அதற்குப் பயந்தே சிலர் பிழையான நம்பரைக் கொடுக்கிறார்கள். சிலர் கிளினிக்குக்கே போகாமல் விடுகிறார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தகவல்களை விசேட பாதுகாப்புக்குரியவையாக வகுத்துள்ளது. எனவே செய்தியில் நோயின் பெயரோ வார்ட்டின் பெயரோ வரக்கூடாது. திகதியும் நேரமும் போதும். "உங்கள் செய்தியை வேறு யாரிடமாவது சொல்லலாமா?" என்ற கேள்வியையும் நோயாளியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

பிற இடங்களின் அனுபவம்

இது எமது ஊருக்கு மட்டுமான கவலையல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் அமைப்பு, 6,600 க்கு மேற்பட்டோர் பங்குபற்றிய 8 ஆய்வுகளை 2013 இல் ஒன்றாகப் பரிசீலித்தது. குறுஞ்செய்தியால் நினைவூட்டப்பட்டவர்கள், எதுவும் சொல்லப்படாதவர்களைவிடக் கூடுதலாகக் கிளினிக்குக்கு வந்தார்கள். கோல் எடுத்துச் சொன்னாலும் ஏறத்தாழ அதே பலன்தான். ஆனால் குறுஞ்செய்திக்குச் செலவு குறைவு. ஆகவே நினைவூட்டுவது வீண் வேலையல்ல என்பது தெளிவு.

இங்கிலாந்தில் 2016 முதல் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. மாற்றுத்திறனாளிகளான நோயாளிகளிடம் செய்தி எந்த வடிவில் வேண்டும் என்று வைத்தியசாலை கேட்க வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மற்றப் பிரிவினரும் காணும்படி குறிப்பிட வேண்டும். அதன்படி நடக்கவும் வேண்டும். இந்தியாவில் மத்திய அரசு 2016 இல் தொடங்கிய கில்காரி திட்டம், கர்ப்பிணித் தாய்மாருக்கு வாரந்தோறும் பதிவு செய்யப்பட்ட குரலைத் தொலைபேசியில் கேட்கச் செய்கிறது. வாசிக்கத் தெரியாத தாயும் அதைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 ஆம் திகதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்குமான மருந்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்படுகிறது.

எமது நாட்டிலும் இது முடியும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது சுகாதார அமைச்சும் தபால் திணைக்களமும் சேர்ந்து கிளினிக் நோயாளருக்கு மருந்தை வீட்டுக்கு அனுப்பின. அப்போது சரியான விலாசமும் நம்பரும் பதிவிலிருந்தவருக்குத்தான் அந்த ஏற்பாடு பயன்பட்டிருக்க முடியும். அவசர காலத்தில் செய்யக்கூடியதைச் சாதாரண காலத்திலும் செய்யலாம்.

வைத்தியசாலையின் பக்கம்

வைத்தியசாலையில் வேலை செய்வோரின் சிரமத்தையும் நாம் அறிவோம். கல்முனையில் ஆதார வைத்தியசாலை வடக்கு, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஆகிய இரண்டும், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வைத்தியசாலைகளும் பெருந்தொகையான நோயாளரைப் பார்க்கின்றன. ஒரு தாதி காலையில் நூற்றுக்கணக்கான கொப்பிகளைப் புரட்டிவிட்டுப் பின்னேரம் ஒவ்வொருவருக்கும் கோல் எடுக்க முடியாது. ஆனால் எல்லோருக்கும் கோல் எடுக்கத் தேவையில்லை. பெரும்பாலானோருக்குக் குறுஞ்செய்தி போதும். அது முடியாத சிலருக்கு மட்டுமே கோல் தேவை. யார் அந்தச் சிலர் என்பது கேட்டு எழுதினால்தான் தெரியும்.

இதில் வைத்தியசாலைக்கும் நன்மை உண்டு. வர முடியாதவர் முன்பே சொன்னால் அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்கும். எல்லோரும் விடியற்காலையில் வந்து நெருக்குவதற்குப் பதிலாக மணித்தியாலப்படி வந்தால் வரிசையும் சண்டையும் குறையும்.

நாம் கேட்பவை

1. கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில், "உங்களுக்குச் செய்தி எப்படி வேண்டும்?" என்ற கேள்விக்கு இடம் ஒதுக்க வேண்டும். குறுஞ்செய்தி, கோல், கடிதம், குடும்பநல மாது மூலம், வேறு ஒருவர் மூலம் என்பவற்றில் நோயாளி தெரிவு செய்ய வேண்டும். கிடைக்கக்கூடிய நேரமும் எழுதப்பட வேண்டும்.

2. விலாசமும் நம்பரும் மாறிவிட்டனவா என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்க வேண்டும். இடம்பெயர்ந்தவரைக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் கொண்டு வரும்படி அலைக்கழிக்காமல் அவருடைய வாய்ச்சொல்லை ஏற்று மாற்ற வேண்டும்.

3. கிளினிக் நடைபெறாது என்று தெரிந்தவுடன் செய்தி போக வேண்டும். அதில் மறு திகதியும், அதுவரை மருந்து எங்கே பெறலாம் என்பதும் இருக்க வேண்டும்.

4. செய்தி தமிழில், சுருக்கமாக, நோயின் பெயரில்லாமல் இருக்க வேண்டும்.

5. எப்போதும் ஒரே நம்பரிலிருந்து அழைக்க வேண்டும். அந்த நம்பரைக் கொப்பியிலும் வாயிலிலும் எழுதி வைக்க வேண்டும். நாமும் அதற்கு அழைத்துக் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

உரிமை கேட்கும் நாம் எமது பங்கையும் செய்ய வேண்டும். நம்பர் மாறினால் அடுத்த கிளினிக்கில் கேட்காமலே சொல்லுவோம். கொப்பியைப் பொலித்தீன் பையில் வைத்துப் பாதுகாப்போம். மாரி காலத்தில் அடையாள அட்டையோடு ஒரே இடத்தில் வைப்போம். முடியுமானால் கொப்பியின் பக்கங்களைப் பிள்ளைகளின் போனில் படமெடுத்து வைப்போம். வைத்தியசாலை நம்பரைப் பெயரோடு பதிந்து வைத்தால் தெரியாத கோல் என்று விட்டுவிட மாட்டோம். வர முடியாவிட்டால் அறிவிப்போம்.

அத்தோடு, ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் அபிவிருத்திக் குழு உண்டு. கூரைக்கும் கட்டிலுக்கும் அங்கே கோரிக்கை வைக்கிறோம். இந்தக் கோரிக்கைக்குப் பெரும் பணம் தேவையில்லை. எமது கமக்காரர் அமைப்புகளும், மாதர் சங்கங்களும், பள்ளிவாசல், கோவில், தேவாலய நிருவாகங்களும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுக்கலாம். தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு சீனி வருத்தத்துக்கு இல்லை. இந்தக் கடிதத்திலும் வேண்டாம்.

இந்த மாதக் கூட்டத்திலேயே இதைப் பேச்சுக்கு எடுங்கள். உங்கள் வீட்டில் கிளினிக்குக்குப் போகிறவர் யார், அவருக்குச் செய்தி எந்த வழியில் வந்தால் கிடைக்கும் என்று முதலில் நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில்களைப் பெயர்களில்லாமல் ஒரு தாளில் தொகுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போவோம். எமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே எடுத்துச் சொல்வோம்.